சும்மா உட்கார ஒரு கடற்கரை

(நம் கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் கடலோரக் குழுக்களின் சார்பில் பேசப்பட்ட உரை. வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடுகிறோம்.)



போன கூட்டத்தில் எங்கள் கண்டுணர் சுற்றுலா பற்றி அறிக்கை வாசித்தபோது, பின்வரிசையில் இருந்து ஒரு சகோதரி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "கறவை மாடு பார்க்கப் போனீங்க, சரி. காளான் வளர்ப்பு பார்க்கப் போனீங்க, அதுவும் சரி. பீச்சுக்குப் போறது எல்லாம் கண்டுணர் சுற்றுலாவா? அதுவும் கடலோரத்துலயே குடியிருக்கிற நீங்க?"

எல்லோரும் சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். நேரம் ஆகிவிட்டதால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் சகோதரி கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

எப்படிப் போனோம்

எங்கள் மூன்று குழுக்களில் இருந்து 22 பேர் போனோம். பெரும்பாலும் மீன் விற்பவர்கள், கருவாடு போடுபவர்கள், இறால் உரிப்பவர்கள். ஆளுக்கு மாதம் 50 ரூபாய் வீதம் பத்து மாதம் தனியாகச் சேர்த்தோம். மொத்தம் 11,000 ரூபாய். குழுச் சேமிப்பில் கை வைக்கவில்லை. வேன் வாடகை 7,000, டீ, தண்ணீர் மற்ற செலவு 1,180, பயிற்சிக் கட்டணம் 1,500. மீதி 1,320 ரூபாயைக் குழுக் கணக்கில் வரவு வைத்துவிட்டோம். அது என்ன பயிற்சி என்று பிறகு சொல்கிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. கூடைக்கும் வேலை குறைவு. அதனால் மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியற்காலை நாலரை மணிக்குப் புளிசாதமும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

போன இடம் கோவளம். கன்னியாகுமரிப் பக்கத்துக் கோவளமும் இல்லை, கேரளத்துக் கோவளமும் இல்லை. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில், முட்டுக்காட்டைத் தாண்டி இருக்கிற மீனவக் கிராமம். தர்கா, மாதா கோயில், சிவன் கோயில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஊர்.

போகிற வழியில் மெரினாவைத் தாண்டினோம். அப்போதுதான் விடிகிற நேரம். அவ்வளவு அகலமான மணலைப் பார்த்து எங்கள் பொருளாளர், "நமக்கு உட்காரப் பாறாங்கல்தான் இருக்குது, இவங்களுக்கு மட்டும் இவ்வளவு மணல் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார். வேனில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலை மேல் நிற்கும் பிள்ளைகள்

கோவளத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த பலகைகள். ஆள் உயரத்தைவிட நீளம். அந்தப் பலகையில் கவிழ்ந்து படுத்துக் கையாலேயே துழாவிக்கொண்டு கடலுக்குள் போகிறார்கள். நல்ல அலை வரும்போது சட்டென்று எழுந்து நின்று, அலை மேலேயே கரை வரைக்கும் வருகிறார்கள். இதற்கு அலைச்சறுக்கு என்று பெயர்.

இந்த விளையாட்டு ஹவாய்த் தீவு போன்ற பசிபிக் கடல் நாடுகளில் பிறந்தது. அந்தக் காலத்திலேயே அங்கே ஆண்களும் பெண்களும் சேர்ந்தே அலையேறி இருக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில், 2021இல், முதல் முறையாக இதையும் சேர்த்தார்கள். நம் மாமல்லபுரத்திலும் 2023இல் சர்வதேசப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய அளவிலான போட்டியும் நடந்தன.

கோவளத்தில் இதை வளர்த்தவர் வெளியூர்க்காரர் இல்லை. மூர்த்தி மேகவன் என்ற அந்த ஊர் மீனவர். சின்ன வயதில் மரப்பலகையை வைத்து அலையேறிப் பழகியவர். 2012இல் மற்றவர்கள் உதவியோடு அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். குப்பத்துப் பிள்ளைகள் கற்றுக்கொண்டு, இன்று பலர் பயிற்சியாளர்களாகவும், கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றுபவர்களாகவும் இருக்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் நமக்கு இது புதுசு இல்லை. கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரர் 'கேட்டமரான்' என்று எடுத்துக்கொண்டார்கள். நாலு மரத்தைக் கயிற்றால் கட்டி, நின்றபடியே அலையைத் தாண்டிய ஆட்களின் பேரப்பிள்ளைகள்தான் நாங்கள். ஆனால் கட்டுமரத்தில் போனவர்கள் ஆண்கள். நாங்கள் கரையில் காத்திருந்தவர்கள்.

மாமல்லபுரத்தில் கமலி என்று ஒரு பெண் இருக்கிறாள். கடலோரத்தில் சிறு வியாபாரம் செய்து அம்மா வளர்த்த பிள்ளை. சக்கரப்பலகையும் அலைச்சறுக்கும் பழகி, தேசிய அளவில் பேர் வாங்கியிருக்கிறாள். அவளையும் அவள் அம்மாவையும் பற்றி 'கமலி' என்று ஒரு குறும்படம் எடுத்தார்கள். அது 2020இல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுப் பட்டியல் வரை போனது. நம் வீட்டுப் பெண் மாதிரி ஒருத்தி.

கைக்கு வேலை இல்லாத நேரம்

கோவளம் கரையில் பலதரப்பட்ட ஜனங்கள். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், வெளிநாட்டுக்காரர்கள், முடியை நீளமாக வளர்த்த பையன்கள், தலைக்கு வண்ணம் பூசிய பெண்கள். வேலையைச் சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு அலைக்காகவே வந்து தங்குகிறவர்களும் உண்டு. ஒருத்தன் கிதார் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் நாயோடு படுத்துப் புத்தகம் படித்தாள். யாருக்கும் அவசரம் இல்லை. யாரும் யாரையும் முறைத்துப் பார்க்கவும் இல்லை.

நாங்கள் 22 பேரும் மணலில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். எங்கள் மூத்த அக்காவுக்கு 60 வயது தாண்டிவிட்டது. அவர் சுற்றி இருந்த பிளாஸ்டிக் மூடிகளைப் பொறுக்கிக் குவிக்க ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் கிளிஞ்சலைப் பெரிசு, சின்னது என்று பிரித்துக் கூறு கட்டினார். ஒருவர் டிபன் பாக்ஸை மணல் போட்டுத் தேய்த்தார்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. "என்னாக்கா, இங்கே வந்துமா?" என்று கேட்டதற்கு மூத்த அக்கா சொன்னார்: "கை சும்மா இருந்தா என்னவோ தப்பு பண்ற மாதிரி இருக்குதும்மா."

சகோதரிகளே, அந்த ஒரு வார்த்தையில் நம் எல்லோர் வாழ்க்கையும் இருக்கிறது. நாங்கள் கடலுக்கு நூறு அடியில் பிறந்தவர்கள். ஆனால் கடலைப் பார்த்து உட்கார்ந்த நாள் எது என்று கேட்டால் ஞாபகம் இல்லை. ஏலம் எடுக்கப் போவோம், கூடை கழுவப் போவோம், கருவாடு திருப்பப் போவோம். சாவு வீடானால் போவோம். புயல் வந்தால் படகு திரும்பியதா என்று பார்க்க ஓடுவோம். 2004 சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளை அந்தப் பக்கமே விடப் பயந்தோம். உங்கள் ஊரில் ஏரிக்கரை இருக்கிறது, கோயில் குளம் இருக்கிறது, ஆலமரத்தடி இருக்கிறது. ஆண்கள் அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள். நாம் அந்த வழியாகக் குடத்தோடு போகிறோம், புல்லுக்கட்டோடு வருகிறோம். உட்கார்ந்திருக்கிறோமா?

சீட்டு யாருக்கு விழுந்தது

இப்போது அந்த 1,500 ரூபாய்க் கணக்கு. ஒரு வகுப்புக்கு அவ்வளவு காசு. எல்லோரும் கற்றுக்கொள்ள வழியில்லை. அதனால் ஒருவருக்கு மட்டும் கட்டுவது என்று முன்பே தீர்மானம் போட்டிருந்தோம். எங்களோடு வந்திருந்த கல்லூரிப் பெண்ணுக்கு விழும் என்ற நினைப்பில்தான் சீட்டு குலுக்கினோம். ஆனால் விழுந்தது 46 வயதில் கூடை சுமக்கிற எங்கள் உறுப்பினருக்கு.

"பொண்ணுக்கு விட்டுக் குடுத்துடு அக்கா" என்று நாங்களே சொன்னோம். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டோம். "இதுவரைக்கும் எல்லாத்தையும் விட்டுத்தான் குடுத்தேன். சீட்டு என் பேர்ல விழுந்துச்சு, நான்தான் போவேன்" என்று சொல்லிவிட்டார். டீ-சர்ட்டும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அவருக்கே வெட்கம். எங்களுக்கோ அடக்க முடியாத சிரிப்பு.

பயிற்சியாளர் ஒரு குப்பத்துத் தம்பிதான். "அம்மா, பயப்படாதீங்க, இடுப்பளவு தண்ணிதான்" என்று சொல்லி, மணலிலேயே படுக்க, துழாவ, எழக் கற்றுக்கொடுத்தார். பிறகு தண்ணீருக்குள் கூட்டிப்போனார். முதல் அலை கவிழ்த்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. நாலாவதோ ஐந்தாவதோ, தம்பி பின்னால் இருந்து ஒரு தள்ளு தள்ளினார். அலை எங்கள் அக்காவை அப்படியே தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தது. அவர் எழுந்து நிற்கவில்லை, படுத்தபடியேதான் வந்தார். பலகை மணலில் தட்டி நின்றது. கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. பயந்து ஓடினோம். அழுதுகொண்டிருந்தார்.

"என்னாச்சு?" என்றோம். "இத்தனை வருஷமா கரையில நின்னுக்கினு வர்றவங்களைப் பார்த்தேன். இன்னைக்குக் கடல்லேர்ந்து நான் வந்தேன்" என்றார்.

அமைதியாகத் தெரிகிற தண்ணீர்

அந்தத் தம்பி சொன்ன ஒரு பாடத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். இது உயிர் காக்கிற விஷயம். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கரையில் நின்று பார்த்தால் அலை உடைந்து நுரை தள்ளுகிற இடமும் இருக்கும், நடுவில் அலை உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கறுப்பாகத் தெரிகிற பாதையும் இருக்கும். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் அங்கேதான் பயமில்லை என்று இறங்குகிறார்கள். அதுதான் ஆபத்து. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் ஓடுகிற வழி அது. அதை இழுப்பு என்கிறோம். நன்றாக நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. மூச்சு போய்விடும். முதலில் மிதக்க வேண்டும். கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்துவிட்டால் அந்த அலையே கரைக்குத் தள்ளும். கரையில் இருப்பவர்கள் நீந்தத் தெரியாமல் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறோ, காலிக் கேனோ, மிதக்கிற எதையாவது வீச வேண்டும். காப்பாற்றப் போய்ச் செத்தவர்கள் நிறையப் பேர். சேலையைப் போடுவதாக இருந்தாலும் கரையில் காலை ஊன்றிக்கொண்டு போடுங்கள்.

எழுந்துவிட்டோம்

இனி வெட்கப்பட வேண்டிய ஒரு விஷயம்.

மதியம் வெயில் ஏறியதும் நிழல் தேடி நடந்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு தங்கும் விடுதியின் மதில் சுவர். அதன் வெளிப்பக்கம், மணலில், நல்ல நிழல். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். காவலுக்கு இருந்தவர் வந்து, "இங்கேயெல்லாம் உட்காரக் கூடாது, எழுந்திருங்க" என்றார். பத்து அடி தள்ளி அதே சுவரில் சாய்ந்து இரண்டு பையன்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். அவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் எழுந்துவிட்டோம். 22 பேர் சகோதரிகளே. வங்கியில் மேனேஜரிடம் நின்று பேசுகிறவர்கள், கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறவர்கள். ஒருவர்கூட "ஏன்?" என்று கேட்கவில்லை. நம்மை எழுப்புவது அவ்வளவு சுலபம்.

வெயிலில் நின்று சாப்பிடுவதைப் பார்த்து, வலை பின்னிக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் கூப்பிட்டு விசாரித்தார். சொன்னோம். "சுவத்துக்கு உள்ளே அவங்களது. அலை ஏறி எறங்கற மணல் யார் பட்டாவிலும் வராது. போய் உட்காருங்கம்மா, நான் வரேன்" என்றார். அவர் கூடவே போனோம். அதே இடத்தில் உட்கார்ந்தோம். காவல்காரர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். சாயங்காலம் வரை அங்கேதான் இருந்தோம்.

அவர் வீட்டுப் பெண்களும் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஊரிலும் எல்லாம் நல்லதே என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தொழில் கிடைத்திருக்கிறது, வாடகை வருகிறது, உண்மை. ஆனால் நிலம் விலை ஏறிவிட்டது, விடுமுறை நாளில் கார் நிறுத்தவே இடம் பத்தவில்லை, கருவாடு காயப்போடுகிற இடம் சுருங்குகிறது, நாற்றம் என்று முகம் சுளிக்கிறார்கள் என்றார்கள். விருந்தாளி வரலாம், வீட்டுக்காரரை வெளியே அனுப்பக் கூடாது. இதையும் கற்றுக்கொண்டோம்.

கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. டென்மார்க்கில் உள்ள ஓர் அமைப்பு உலகம் முழுவதும் கடற்கரைகளுக்கு இதைக் கொடுக்கிறது. அதற்கு 33 நிபந்தனைகள். கழிப்பறை, உயிர்காப்பாளர், குப்பை அகற்றுதல் மட்டும் போதாது. கடல் தண்ணீரை எடுத்துப் பரிசோதனை செய்து, முடிவை எல்லோரும் பார்க்கிற மாதிரி பலகையில் போட வேண்டும். ஒரு கரைக்கு இதைச் செய்ய முடியும் என்றால், நம் கரைக்கு ஏன் கேட்கக் கூடாது என்று அங்கேயே பேசினோம்.

மணலின் வரவு செலவு

இப்போது பொருளாளர் கேட்ட கேள்விக்கு வருவோம். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் புரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

கடற்கரை என்பது குழுக் கணக்குப் புத்தகம் மாதிரி. மணல் வரவும் உண்டு, செலவும் உண்டு. நம் கடலில் வருஷத்தில் பல மாதம் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். தெற்கே இருந்து வரும் வரவை நம்பித்தான் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மணல் எல்லாம் இருந்தது.

1876இல் சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். கடலுக்குள் கல் சுவர் போட்டார்கள். வந்த மணல் சுவருக்குத் தெற்கே நின்றுவிட்டது. அதுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற அகலமான மெரினா. வடக்கே இருக்கிற எங்களுக்கு வரவு நின்றுபோச்சு, செலவு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. சேமிப்பு கரைந்தது. எங்கள் ஆயா கரைவலை இழுத்த மணல், அம்மா கருவாடு காயப்போட்ட மணல், தெருக்கள், வீடுகள் எல்லாம் கடலுக்குள் போனது.

பிறகு கல் கொட்டினார்கள். தூண்டில் வளைவு போட்டார்கள். வளைவுக்குத் தெற்கே கொஞ்சம் மணல் சேரும், வடக்கே அரிக்கும். ஒரு குழுவின் கடனை அடுத்த குழு தலையில் கட்டுகிற மாதிரிதான். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற மீஞ்சூர், பழவேற்காடு பக்கத்துச் சகோதரிகளே, அந்தக் கணக்கு இப்போது உங்கள் கரையில் நடக்கிறது. எங்களுக்கு நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

'சும்மா கிடக்குது'

எண்ணூர் ஒரு காலத்தில் ஓய்வெடுக்க வருகிற இடமாகத்தான் இருந்தது என்றால் நம்புவீர்களா? வெள்ளைக்காரர் காலத்தில் மெட்ராஸ் துரைமார்கள் அங்கே வீடு கட்டிக்கொண்டு படகு விடவும் காற்று வாங்கவும் வந்தார்கள். 1806 வாக்கில் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கால்வாயே இருந்தது. அதுதான் பிறகு பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்தது.

அப்படிப்பட்ட கழிமுகத்தை எப்படி இழந்தோம்? ஒரே வார்த்தைதான். "சும்மா கிடக்குது." உப்பங்கழியா, சும்மா கிடக்குது. சதுப்பு நிலமா, சும்மா கிடக்குது. புறம்போக்குதானே, யார் கேட்கப் போறா? அனல்மின் நிலையச் சாம்பல் வந்தது, நிலக்கரி வந்தது, குழாய் வந்தது. புறம்போக்கு என்றால் ஊருக்குப் பொதுவான நிலம். அந்தச் சொல்லையே திட்டுகிற சொல்லாக்கிவிட்டோம். 2017 ஜனவரியில் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினார். அதே மாதம் 28ஆம் தேதி எங்கள் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது. வலை, படகு, கூழைக்கடா எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பாருங்கள் சகோதரிகளே, ஒரே 'சும்மா'தான். பெண் சும்மா உட்கார்ந்தால் குற்றம். அதனால் நாம் யாரும் கரையில் உட்காருவதில்லை. யாரும் உட்காராத கரையைப் பார்த்து, சும்மா கிடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கோவளத்தில் கரை இன்னும் ஊர்க்கரையாக இருக்கிறது என்றால், அங்கே எந்நேரமும் ஜனம் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள், வலை காய்கிறது, ஏதாவது நடந்தால் பார்க்கக் கண் இருக்கிறது. ஜனம் புழங்குகிற இடத்தை எடுப்பது கஷ்டம். புழங்காத இடத்தை எடுப்பது சுலபம்.

போன கூட்டத்தில் கேள்வி கேட்ட சகோதரிக்கு இதுதான் எங்கள் பதில். நாங்கள் கண்டு உணர்ந்தது இதைத்தான்.

திரும்பி வந்து என்ன செய்தோம்

ஒன்று. மாதத்தில் முதல் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கரையில் எங்கே கொஞ்சம் மணல் மிச்சம் இருக்கிறதோ அங்கே போய் உட்காருகிறோம். கூடை இல்லை, கணக்கு நோட்டு இல்லை, கூட்டம் இல்லை. முதல் மாதம் ஒன்பது பேர்தான். "பொம்பளைங்களுக்கு என்னா வேலை இங்கே?" என்று கேட்டார்கள். "வேலை இல்லை, அதுக்குத்தான் வந்தோம்" என்று மூத்த அக்கா சொன்னார். மூன்றாவது மாதம் குழுவில் இல்லாத பெண்களும் பிள்ளைகளோடு வந்தார்கள்.

இரண்டு. மனு எழுதினோம். கரையில் விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை, இழுப்பு உள்ள இடத்தில் எச்சரிக்கைப் பலகை, கடல் தண்ணீரைப் பரிசோதித்து முடிவை எழுதிப் போட ஒரு பலகை. இதுவரை விளக்கு வந்திருக்கிறது. மற்றது வரவில்லை. மனுவுக்குக் கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அடுத்த நினைவூட்டு மனுவும் தயார்.

மூன்று. எங்கள் பெண் பிள்ளைகள் பதினோரு பேர் நீச்சல் கற்றுக்கொள்கிறார்கள். பலகையில் வந்த அக்காதான் காலையில் எழுப்பிக் கூட்டிப்போகிறார்.

நீங்கள் என்ன செய்யலாம்

உங்கள் ஊரில் எல்லோருக்கும் பொதுவான இடம் எது என்று அடுத்த குழுக் கூட்டத்தில் பட்டியல் போடுங்கள். ஏரிக்கரை, குளம், மேய்ச்சல் நிலம், கடற்கரை, விளையாட்டுத் திடல். அதில் பெண்கள் புழங்குவது எது, புழங்காதது எது என்று பிரியுங்கள்.

அந்த இடங்களின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதி வையுங்கள். எல்லை எது என்று தெரிந்திருந்தால்தான் யாராவது வேலி போடும்போது பேச முடியும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை. நாங்கள் இருப்பது மாநகராட்சி. 2011இல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. எங்களுக்குக் கிராம சபை கிடையாது. உங்களுக்கு இருக்கிறது. கும்பலாகப் போய் உட்காருங்கள். பொது இடத்தைப் பாதுகாக்கத் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

கடலோர ஊராட்சிச் சகோதரிகள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்று மத்திய அரசு 1991இல் போட்ட விதி இருக்கிறது. 2011இலும் 2019இலும் மாற்றி எழுதினார்கள். மாவட்ட அளவிலான குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அந்த மூன்று பேரில் ஏன் ஒரு பெண் இருக்கக் கூடாது? இதைக் கூட்டமைப்பின் தீர்மானமாகவே கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக ஒரு அழைப்பு. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை எங்கள் கரைக்கு வாருங்கள். கோவளம் மாதிரி இருக்காது. ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிச் சத்தம், வடக்கே புகைபோக்கி. ஆனால் கடல் அதே கடல்தான். சூடாகச் சுண்டலும் மீன் வறுவலும் எங்கள் பொறுப்பு. உங்கள் பொறுப்பு ஒன்றே ஒன்றுதான்: கையில் எந்த வேலையும் கொண்டு வராதீர்கள்.